மூளையைத் தொடும் இன்சுலின்

மனச்சிதைவு நோயாளிகளை சர்க்கரை ஏன் விரட்டுகிறது?

மருந்துக்கு அடங்காத எண்ணச் சுழற்சி நோய். நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில், அந்த நோய் கொண்ட ஒருவரின் மூளைக்குள் மெல்லிய மின்கம்பிகளைப் பொருத்தினார்கள் மருத்துவர்கள். தோலுக்கு அடியில் வைத்த சிறிய பேட்டரியிலிருந்து மின்துடிப்பு கிளம்பும். மூளையின் ஆழத்தில் இருக்கும் ஒரு பகுதியைத் தூண்டிக்கொண்டே இருக்கும். அவருக்கு சர்க்கரை நோயும் உண்டு. தினமும் இன்சுலின் போட்டு வந்தவர். கருவி வேலை செய்யத் தொடங்கிய பிறகு, யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அவருடைய சர்க்கரை கட்டுக்குள் வந்தது. இன்சுலின் அளவைக் கணிசமாகக் குறைக்க முடிந்தது.

மூளையைத் தூண்டினால் ரத்தத்தில் சர்க்கரை ஏன் இறங்க வேண்டும்? மருத்துவர்கள் இந்தக் கேள்வியை விடவில்லை. அதே கருவி பொருத்தப்பட்ட, சர்க்கரை நோய் இல்லாத 14 பேரைச் சோதித்தார்கள். கருவி ஓடும்போது அவர்களுடைய உடல் இன்சுலினுக்கு நன்றாகக் கீழ்ப்படிந்தது. நிறுத்தினால் அந்தக் கீழ்ப்படிதல் குறைந்தது. அடுத்து, ஆரோக்கியமானவர்களுக்கு, மூளையின் தகவல் கடத்திகளில் ஒன்றான டோபமைனின் சுரப்பைக் குறைக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கும் இன்சுலின் செயல்பாடு மந்தமானது. 2018-ல் ‘சயின்ஸ் டிரான்ஸ்லேஷனல் மெடிசின்’ இதழில் வெளியான இந்த ஆய்வு ஒரு விஷயத்தை உறுதியாகச் சொன்னது. உடலின் சர்க்கரைக் கணக்கில் மூளையின் டோபமைனுக்கும் பங்கு இருக்கிறது.

டோபமைன் என்றதும் மனநல மருத்துவர்களின் நினைவுக்கு முதலில் வரும் நோய், ஸ்கிசோஃப்ரினியா எனப்படும் மனச்சிதைவு. இல்லாத குரல் காதில் கேட்பது, யாரோ தன்னைப் பின்தொடர்கிறார்கள் என்று அசைக்க முடியாமல் நம்புவது, சிந்தனை கோவையில்லாமல் சிதறுவது, பேச்சும் ஆர்வமும் வற்றி ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பது என்று பல முகங்கள் கொண்ட நோய் இது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. பெரும்பாலும் பதின்பருவத்தின் முடிவிலோ இருபதுகளிலோ தொடங்குகிறது. இவர்கள் இளவயதிலேயே இறந்துபோகும் அபாயம் மற்றவர்களைவிட இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகம். மனநோய் என்றதும் தற்கொலைதான் எல்லோர் நினைவுக்கும் வருகிறது. உண்மையில் இவர்களில் மிகப் பலரின் உயிரைப் பறிப்பவை இதய நோய் உள்ளிட்ட உடல் நோய்கள்தான். அந்த இதய நோய்க்குப் பாதை போட்டுக் கொடுப்பவற்றில் சர்க்கரையும் உடல் பருமனும் முக்கியமானவை.

‘மாத்திரை சாப்பிட்டுச் சாப்பிட்டு உடம்பு போட்டுவிட்டது’ என்று வீடுகளில் சொல்வார்கள். ‘எந்நேரமும் தின்றுகொண்டே இருந்தால் சர்க்கரை வராதா?’ என்றும் சொல்வார்கள். முதல் பேச்சில் உண்மையின் ஒரு பகுதி இருக்கிறது. இரண்டாவது பேச்சு, நோயாளியின் மீது சுமத்தப்படும் அநியாயம். அது ஏன் அநியாயம் என்பதை இப்போது ஆய்வகங்கள் ஒவ்வொன்றாக விளக்கத் தொடங்கியிருக்கின்றன.

மாத்திரைக்கு முன்பே தெரிந்த உறவு

மனநோய்க்கென்று ஒரு மாத்திரைகூட இல்லாத காலம் அது. 1879-ல் பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஹென்றி மாட்ஸ்லி, மனநோய் அதிகம் காணப்படும் குடும்பங்களில் சர்க்கரை நோயும் அடிக்கடி தலைகாட்டுகிறது என்று எழுதிவைத்தார். அப்போது இன்சுலின் என்ற சொல்லே புழக்கத்தில் இல்லை. கனடாவின் டொரன்டோவில் பான்டிங்கும் அவருடைய சகாக்களும் இன்சுலினைப் பிரித்தெடுத்தது 1921-ல்தான்.

அந்தப் புதிய மருந்து சில ஆண்டுகளிலேயே மனநல மருத்துவமனைக்குள் நுழைந்தது. ஆனால், நுழைந்த விதம் கொடுமையானது. வியன்னாவைச் சேர்ந்த மான்ஃபிரட் சாகெல், 1930-களில் ‘இன்சுலின் கோமா சிகிச்சை’யைப் பரப்பினார். நோயாளிக்கு மிக அதிக அளவில் இன்சுலின் போட்டு, ரத்தச் சர்க்கரையைச் சரியவைத்து, நினைவிழக்கச் செய்வார்கள். பிறகு மூக்கு வழியாகக் குழாய் செருகியோ, சிரை வழியாகவோ குளுக்கோஸ் செலுத்தி எழுப்புவார்கள். வாரத்தில் பல நாட்கள் என வாரக்கணக்கில் இது தொடரும். வலிப்பு வந்தவர்கள் உண்டு. எழாமலே போனவர்களும் உண்டு. ‘எ பியூட்டிஃபுல் மைண்ட்’ படத்தின் வழியாக உலகம் அறிந்த கணித மேதை ஜான் நாஷும் 1961-ல் அமெரிக்காவின் ட்ரென்டன் மருத்துவமனையில் இந்தச் சிகிச்சைக்கு ஆளானவர்தான்.

1953-ல் ஹெரால்டு போர்ன் என்ற இளம் மருத்துவர், இந்தச் சிகிச்சையின் பலன் வெறும் கட்டுக்கதை என்று ‘லான்செட்’ இதழில் துணிந்து எழுதினார். 1957-ல் அதே இதழில் வெளியான ஒப்பீட்டு ஆய்வு, இன்சுலின் கோமாவுக்கும் சாதாரண தூக்க மருந்தால் வரவழைத்த மயக்கத்துக்கும் பலனில் வேறுபாடு இல்லை என்று காட்டியது. கோமா சிகிச்சை மெல்ல மறைந்தது. அந்த அவப்பெயரோடு, இன்சுலினுக்கும் மனநோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றிய கேள்வியும் பல பத்தாண்டுகள் ஓரங்கட்டப்பட்டது.

அந்த இடத்தைப் பிடித்தது டோபமைன். 1952-ல் பாரிஸில் ஜான் டிலே, பியர் டெனிகர் என்ற இரு மருத்துவர்கள் மனநோயாளிகளுக்குக் குளோர்புரோமசைன் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வார்டுகளின் கூச்சல் அடங்கியது. மூளைக்குள் டோபமைன் ஒரு தகவல் கடத்தி என்பதை 1950-களின் இறுதியில் ஸ்வீடனின் அர்விட் கார்ல்சன் நிறுவினார். அதற்காக 2000-ல் நோபல் பரிசும் பெற்றார். மனநோய் மாத்திரைகள் வேலை செய்வது, டோபமைன் வந்து ஒட்டும் டி2 ஏற்பிகளை அடைப்பதால்தான் என்பது 1970-களில் தெளிவானது. அன்றிலிருந்து மனச்சிதைவு ‘டோபமைன் நோய்’ ஆனது. சர்க்கரை, பக்கத்து வார்டு மருத்துவரின் கவலையாகிப்போனது.

பசியைத் தூண்டிய மாத்திரைகள்

அந்தக் கவலையை மனநல வார்டுக்கே திருப்பிக் கொண்டுவந்தவை புதிய தலைமுறை மாத்திரைகள். வேறு எதற்கும் அடங்காத நோயாளிகளுக்கும் குளோசபைன் பலன் தருகிறது என்று 1988-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. 1996-ல் ஓலான்சபைன் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பழைய மருந்துகளைப்போல கை நடுக்கம், உடல் விறைப்பு அவ்வளவாக இல்லை. குடும்பங்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டன.

பிறகுதான் பசி வந்தது. இரவு சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. ஓலான்சபைன் எடுத்துக்கொள்ளும் இளைஞர் மறுபடி சமையலறைக்குள் போய்ப் பானையைத் திறப்பார். வயிறு நிறைந்துவிட்டது என்ற தகவல் மூளைக்குப் போய்ச் சேர்ந்த மாதிரியே இருக்காது. சில மாதங்களில் பழைய சட்டைகள் எதுவும் பொருந்தாது. இந்தப் பசிக்கு மன உறுதி மருந்தாகாது. ஹிஸ்டமின், செரட்டோனின் என்று பசியோடு தொடர்புடைய பல ஏற்பிகளை இந்த மாத்திரை ஒரே நேரத்தில் அடைத்துவிடுகிறது.

2005-ல் வெளியான ‘கேட்டி’ ஆய்வு அமெரிக்காவில் ஏறத்தாழ 1,500 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தது. ஓலான்சபைன் எடுத்தவர்களில் 30 சதவீதம் பேருக்கு உடல் எடை 7 சதவீதமோ அதற்கு மேலோ கூடியிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டே அமெரிக்க நீரிழிவு சங்கமும் மனநல மருத்துவர் சங்கமும் ஒன்றாக உட்கார்ந்து, இந்த மாத்திரைகளைத் தொடங்கும் முன்பே எடை, இடுப்பளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும் என்று வழிகாட்டுதல் வெளியிட்டிருந்தன.

எடை கூடுவதால் சர்க்கரை வருகிறது என்று இதைச் சுருக்கிவிடலாமா? முடியாது. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மனநோய் இல்லாத ஆரோக்கியமானவர்களை மருத்துவமனையிலேயே தங்கவைத்து, நடமாட்டத்தையும் கண்காணித்து, ஒன்பது நாட்கள் ஓலான்சபைன் கொடுத்தார்கள். எடை கூடவில்லை. ஆனாலும் அவர்களுடைய உடல் இன்சுலின் சொல் கேட்காமல் போகத் தொடங்கியிருந்தது. தொப்பை விழும் முன்பே, ரத்தத்தில் மாற்றம் ஆரம்பமாகிவிடுகிறது.

மாத்திரை தொடாதவர்களிடமும்

அப்படியானால் முழுப் பழியும் மாத்திரைக்குத்தானா? அயர்லாந்தின் டப்ளினில், அதுவரை ஒரு மாத்திரைகூட எடுக்காத, முதன்முறையாக மனச்சிதைவுக்கு ஆளான 26 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 2003-ல் முடிவு வெளியானது. அவர்களில் 4 பேருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்பைவிட அதிகம். அதே வயதும் வாழ்க்கைமுறையும் கொண்ட ஆரோக்கியமான 26 பேரில் ஒருவருக்குக்கூட அப்படி இல்லை. சிறிய ஆய்வுதான். ஆனால், லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் இதுபோன்ற ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2017-ல் வெளியிட்ட தொகுப்பும் அதையே சொன்னது. நோய் வெளிப்படும் கட்டத்திலேயே சர்க்கரையும் இன்சுலினும் தடம் மாறியிருக்கின்றன.

இன்னும் பின்னோக்கிப் போனால்? இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் 1990-களின் தொடக்கத்தில் பிறந்த குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே தொடர்ந்து கவனிக்கும் பெரிய ஆய்வு ஒன்று நடக்கிறது. அவர்களுடைய ரத்தத்தில் இன்சுலின் அளவு 9 வயதிலிருந்து 24 வயது வரை பலமுறை பார்க்கப்பட்டது. ஒன்பது வயதிலிருந்தே இன்சுலின் தொடர்ந்து அதிகமாக இருந்தவர்களுக்கு, 24 வயதில் மனச்சிதைவு வகை நோயின் விளிம்பில் நிற்கும் அபாயம் மற்றவர்களைவிட சுமார் ஐந்து மடங்கு. நோய் வந்தேவிட்டிருக்கும் அபாயம் சுமார் மூன்று மடங்கு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் குழு 2021-ல் இதை வெளியிட்டது. இன்சுலின் அதிகமான எல்லாக் குழந்தைகளுக்கும் மனநோய் வரும் என்பதல்ல இதன் பொருள். பெரும்பாலோருக்கு வரவில்லை. ஆனால், மாத்திரையின் பெயரைக்கூடக் கேட்டிராத வயதில் இரண்டுக்கும் ஒரு முடிச்சு விழுந்திருக்கிறது.

அந்த முடிச்சு சிலருக்குத் தாயின் வயிற்றிலேயே விழுகிறது. 1944-45 குளிர்காலத்தில், ஜெர்மானியப் படைகளின் முற்றுகையால் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி பட்டினியில் வாடியது. பஞ்சம் உச்சத்தில் இருந்தபோது கருவானவர்களுக்குப் பிற்காலத்தில் மனச்சிதைவு வரும் அபாயம் இரண்டு மடங்கானது. அதே பஞ்சத்தின்போது கருவில் வளர்ந்தவர்களுக்கு, நடுவயதில் சர்க்கரையைச் சமாளிக்கும் திறனும் குறைந்திருந்தது. சீனாவில் 1959-61 பெரும் பஞ்சத்தில் பிறந்தவர்களிடமும் மனச்சிதைவு ஏறத்தாழ இரு மடங்கு அதிகம் காணப்பட்டது.

இவ்வளவுக்கும் நடுவே சென்னை ஆய்வு ஒன்று யோசிக்கவைக்கிறது. பல ஆண்டுகளாக மனச்சிதைவு இருந்தும் சிகிச்சையே பெறாதவர்களை ஆய்வு செய்து, சென்னையின் மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பான ஸ்கார்ஃபின் மருத்துவர் பத்மாவதி உள்ளிட்டோர் 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களிடம் உடல் பருமனும் வளர்சிதை மாற்றக் கோளாறும் குறைவாகவே இருந்தன. நோய் மட்டும் தனியாக ஒருவரைச் சர்க்கரை நோயாளி ஆக்கிவிடுவதில்லை. பரம்பரை, கருவிலிருந்த காலம், உணவு, மாத்திரை எல்லாம் சேர்ந்தே அதைச் செய்கின்றன என்று இந்த முடிவுகளை இணைத்துப் புரிந்துகொள்ளலாம்.

இன்சுலினும் டோபமைனும் சந்திக்கும் இடம்

இன்சுலின் என்றால் கணையம், தசை, கல்லீரல் என்றே நாம் படித்திருக்கிறோம். மூளைக்கு அது தேவையில்லை என்றுதான் மருத்துவ உலகமும் நம்பிக்கொண்டிருந்தது. 1978-ல் அமெரிக்க ஆய்வாளர்கள், எலியின் மூளை முழுவதும் இன்சுலின் ஏற்பிகள் பரவிக் கிடப்பதைக் காட்டினார்கள். பின்னர், டோபமைனைச் சுரக்கும் நரம்பணுக்களிலேயே அவை இருப்பது தெரியவந்தது.

அங்கே இன்சுலின் என்ன செய்கிறது? ஒரு நரம்பணு டோபமைனை வெளியே விட்டால், வேலை முடிந்ததும் அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். இழுத்துக்கொள்வதற்கென்றே ஒரு புரதம் அணுவின் மேற்பரப்பில் இருக்கிறது. சமையலறைப் புகையை இழுக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் மாதிரி. இன்சுலின் சமிக்ஞை கிடைத்தால் அந்த ஃபேன்கள் மேற்பரப்பில் கூடுகின்றன. தேங்கிய டோபமைன் சீக்கிரம் அகல்கிறது. மனச்சிதைவில், குரல்களும் சந்தேகங்களும் தீவிரமாக இருக்கும் கட்டத்தில், ஸ்ட்ரையாட்டம் என்ற பகுதியில் டோபமைன் மிகையாகச் சுரப்பதை பெட் ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மூளையில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது, அந்த மிகை டோபமைன் அகல்வதும் தாமதமாகிறதோ என்பதுதான் இன்று ஆய்வாளர்கள் முன்வைக்கும் கருதுகோள்.

ஜெர்மனியின் டியூபிங்கன் நகரில் இதை மனிதர்களிடமே பார்த்தார்கள். சராசரி எடையுள்ள ஆரோக்கியமான 10 ஆண்கள். ஒருநாள் மூக்கில் இன்சுலின் ஸ்ப்ரே, இன்னொரு நாள் மருந்தில்லாத ஸ்ப்ரே. மூக்கு வழியாகப் போகும் இன்சுலினில் ஒரு சிறு பங்கு ரத்தத்தைச் சுற்றாமல் நேரே மூளையை எட்டும். பிறகு ஸ்கேன். இன்சுலின் போன நாளில் ஸ்ட்ரையாட்டத்தில் டோபமைன் குறைந்திருந்தது. 2021-ல் வெளியான இந்த ஆய்வுதான், மூளை இன்சுலின் மனித டோபமைனைத் தொடுகிறது என்பதற்கு நேரடிச் சாட்சி.

நரம்பணுவுக்குள்ளும் இன்சுலினும் டோபமைனும் ஒரே இடத்தில் மோதிக்கொள்கின்றன. ஏகேடி என்றொரு புரதம் இருக்கிறது. இன்சுலின் அதை முடுக்கிவிடும். டோபமைனின் டி2 ஏற்பி அதை அடக்கும். மனச்சிதைவு நோயாளிகளிடம் ஏகேடி1 புரதம் குறைவாக இருப்பதை 2004-ல் ‘நேச்சர் ஜெனடிக்ஸ்’ இதழ் வெளியிட்டது. மூளையில் இன்சுலின் ஏற்பியை நீக்கிய எலிகளை ஹார்வர்டைச் சேர்ந்த ரொனால்டு கான் குழு வளர்த்துப் பார்த்தது. டோபமைனைச் சிதைக்கும் நொதிகள் கூடின. எலிகள் பதற்றமும் சோர்வும் காட்டின. இன்சுலின் எப்போதும் டோபமைனை இறக்கும் என்றும் முடிவு கட்டிவிட முடியாது. எலி மூளையின் ஸ்ட்ரையாட்டத்தில், பக்கத்து நரம்பணுக்கள் வழியாக அது டோபமைன் சுரப்பைக் கூட்டுவதையும் நியூயார்க் ஆய்வாளர்கள் 2015-ல் பதிவு செய்திருக்கிறார்கள். இடத்துக்கு இடம் விளைவு மாறுகிறது.

உறவு ஒருவழிப் பாதையும் அல்ல. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா அணுக்களிலும் டோபமைன் ஏற்பிகள் இருக்கின்றன. ‘சுரந்தது போதும்’ என்று அடக்குவது அங்கே டோபமைனின் வேலை. மூளையில் டி2-வை அடைக்கப் போன மாத்திரை கணையத்திலும் அதை அடைத்துவிடுகிறது. கட்டுப்பாடு தளர்ந்து இன்சுலின் மிகையாகச் சுரக்கிறது. காலப்போக்கில் உடல் அதற்கு மரத்துப்போகிறது என்கிறது பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஸாக்கரி ஃப்ரைபர்க் குழு. இந்த உறவுக்கு மருந்துக்கடையிலேயே ஒரு சான்று உண்டு. பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கப்பட்டுவந்த புரோமோகிரிப்டின், டோபமைன் ஏற்பிகளைத் தூண்டும் மருந்து. 2009-ல் அமெரிக்கா அதை இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கும் அனுமதித்தது.

கையில் இருக்கும் வழிகள்

மூளை இன்சுலினைச் சரிசெய்து மனச்சிதைவைக் குணமாக்கும் மருந்து இன்று இல்லை. ஆனால், சர்க்கரையையும் எடையையும் தடுக்கும் வழிகள் கையில் இருக்கின்றன. அவற்றில் மலிவானது, சர்க்கரை நோயாளிகளின் வீடுகளில் ஏற்கெனவே இருக்கும் மெட்ஃபார்மின். சீனாவின் சாங்ஷாவில், மனநோய் மாத்திரையால் எடை கூடிய 128 பேரிடம் நடத்திய ஆய்வு 2008-ல் வந்தது. மெட்ஃபார்மினோடு உணவுக் கட்டுப்பாட்டையும் உடற்பயிற்சியையும் கடைப்பிடித்தவர்களுக்கு 12 வாரங்களில் சராசரியாக 4.7 கிலோ குறைந்தது. எந்த உதவியும் பெறாதவர்களுக்கோ மேலும் 3 கிலோ கூடியது. டென்மார்க்கில், குளோசபைன் அல்லது ஓலான்சபைன் எடுத்துக்கொண்டு சர்க்கரையின் விளிம்பில் நின்றவர்களுக்கு லிராகுளுடைட் ஊசி கொடுத்தார்கள். 16 வாரங்களில் ஏறத்தாழ 64 சதவீதம் பேருக்குச் சர்க்கரை இயல்பு நிலைக்குத் திரும்பியது. மருந்தில்லாத ஊசி பெற்றவர்களில் 16 சதவீதம் பேருக்கே அப்படி.

டி2 ஏற்பியைத் தொடாத புதிய வகை மருந்தான ஸனோமெலின்-ட்ரோஸ்பியம் கூட்டுக்கு 2024 செப்டம்பரில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. சோதனைகளில் அது எடையைக் கூட்டவில்லை. மாவுச்சத்தை வெகுவாகக் குறைக்கும் கீட்டோ உணவைப் பற்றியும் பேச்சு பலமாக இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் 2024-ல் வெளியான ஆய்வில் கலந்துகொண்டவர்கள் 21 பேர் மட்டும்; ஒப்பீட்டுக் குழுவும் இல்லை. அதை நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. குரல்கள் திரும்பும், மருத்துவமனை வாசம் திரும்பும். நீண்ட காலக் கணக்கில், மாத்திரை எடுப்பவர்களைவிட எடுக்காதவர்களிடம்தான் மரணமும் அதிகம்.

யார் அளப்பது?

டாக்டர் சாரதா மேனன் 1984-ல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப், மனச்சிதைவு ஆராய்ச்சியில் உலகம் அறிந்த பெயர். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையோடு சேர்ந்து, அறுநூறுக்கும் மேற்பட்ட மனச்சிதைவு நோயாளிகளை அதே எண்ணிக்கையிலான மற்றவர்களோடு ஒப்பிட்டு அது ஆய்வு செய்தது. சர்க்கரை, பருமன், வளர்சிதை மாற்றக் கோளாறு மூன்றுமே நோயாளிகளிடம் அதிகம். ஆக, இது வெளிநாட்டுப் பிரச்னை அல்ல. பரிசோதனைக்கு வேண்டிய அறிவும் ஆட்களும் நம்மிடமே இருக்கிறார்கள்.

தேவையான பொருட்களும் பெரிதல்ல. எடை பார்க்கும் இயந்திரம், ஒரு இன்ச் டேப், பி.பி. கருவி, வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹெச்பிஏ1சி, கொழுப்புப் பரிசோதனை. மாத்திரை தொடங்கும் அன்று ஒருமுறை, முதல் மூன்று மாதங்களில் எடை மாதாமாதம், மூன்றாம் மாத முடிவில் சர்க்கரையும் கொழுப்பும், அதன்பின் தவறாமல் ஆண்டுக்கு ஒருமுறை. மகனையோ அக்காவையோ மனநல மருத்துவரிடம் அழைத்துப் போகிறவர்கள், ‘தூக்கம் வருதா, குரல் கேக்குதா?’ என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு, ‘டாக்டர், சுகர் பார்த்துடலாமா? மெட்ஃபார்மின் இவருக்கு ஒத்துவருமா?’ என்று தாங்களே கேட்கலாம். கேட்க வேண்டும்.

அரசு செய்ய வேண்டியதும் தெளிவாகவே இருக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கான தேசியப் பரிசோதனைத் திட்டம் 30 வயதைத் தாண்டியவர்களையே தேடுகிறது. மனச்சிதைவோ 20 வயதில் வந்துவிடுகிறது. சில மாதங்களில் மாத்திரை தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. பட்டியலில் பெயர் ஏறும் வயதை எட்டும்போது அந்த இளைஞரின் உடல் பத்து ஆண்டுகளை இழந்திருக்கும். தமிழ்நாட்டில் 2021-லிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் சர்க்கரை மாத்திரையோடும் பி.பி. கருவியோடும் வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். மாவட்ட மனநலத் திட்டத்தில் மாத்திரை வாங்கும் ஒவ்வொருவரின் பெயரையும், வயது பார்க்காமல், அந்த ஊழியர்களின் பட்டியலில் சேர்க்க ஓர் அரசாணை போதும்.